தொப்பையனின் விளக்கு

ஜூன் 4

அண்ணா,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதலில் படி, பிறகு கிழி. உன் நம்பரை அடித்தால் யாரோ ஒரு அம்மா எடுத்து, "ராங் நம்பர் தம்பி" என்கிறார். நான் தம்பி இல்லை என்று சொல்வதற்குள் வைத்துவிடுகிறார். அதனால்தான் பஸ் ஸ்டாண்ட் முகவரிக்கு எழுதுகிறேன். பஸ் அறிவிக்கிற அந்த மைக்கை விட்டு நீ எங்கே போய்விடப் போகிறாய்?

நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது, "இனிமே உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்." அதற்கு முன் நீ சொன்னது, "இந்த ஆளு நிக்க மாட்டான். அவன் கண்ணு எப்பவும் வாசல்லயே இருக்கு, நம்ம அம்மாவுக்கு இருந்த மாதிரி." கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு அண்ணன் சொல்கிற பேச்சா அது? சரி, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அவர் போய்விட்டார். வேறு வீடு, வேறு ஆள். சந்தோஷமா? உனக்குச் சந்தோஷமாக இருக்காது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நீ பார்த்திராத உன் மருமகளுக்கு ஆறு வயது. பொடிசு என்றுதான் கூப்பிடுகிறோம். கூப்பிடுகிறேன். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொள்கிறாள். கீழே எந்த ஸ்கூட்டர் நின்றாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து பல் லேபில் கூடுதல் நேரம் வேலை கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஊரார் வாய்க்குப் பல் செட் செய்து கொடுக்கிறேன், என் வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை.

போன வாரம் அவளுக்கு ஏதாவது காட்டலாம் என்று தேடினேன். நம் "குளக்கரை" கார்ட்டூன் கிடைத்தது! யாரோ ஒரு புண்ணியவான் மொத்தத்தையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். நம் டிவியில் படம் உண்டு, ஒலி கிடையாது. அம்மா வீட்டை விட்டுப் போன சமயம் படம் நின்றுவிட்டதென்று அப்பா அதன் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தார். படம் வந்தது, ஒலி போனது. "படம் தெரியுதில்ல, போதும்" என்று முடித்துவிட்டார். பிறகு நீதான் ஒலி. தவளைக்கும் நீ, கொக்குக்கும் நீ, மழைக்கும் நீ.

வாழ்க்கையில் முதல் தடவையாக அதை ஒலியோடு கேட்டேன் அண்ணா. அந்தத் தவளையின் பெயர் தொப்பையனே இல்லை. ராஜாவாம். பொழுது சாய்ந்ததும் கரையில் விளக்கு ஏற்றுமே, "அம்மாவுக்கு வழி தெரியணும்ல" என்று நீ குரல் கொடுப்பாயே, அது பூச்சி பிடிக்க ஏற்றுகிற விளக்கு. வெளிச்சத்துக்கு வருகிறதை லபக் லபக்கென்று விழுங்குகிறது. பின்னால் ஒரு கூட்டம் கெக்கெக்கே என்று சிரிக்கிறது. அந்த விளக்கைப் பார்த்துத்தான் நான் நம் வாசல் விளக்கை யாரையும் அணைக்க விடாமல் அழிச்சாட்டியம் பண்ணினேன்.

இந்தக் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது ஒரு காரியம் ஆக வேண்டும். பொடிசுக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. ஒலியை நிறுத்திவிட்டு உன் கதையை நான் சொல்லிப் பார்த்தேன். "இது தவளைக் குரலே இல்ல, டீச்சர் குரல்" என்று எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பையன் கதை சொல்லு. அவ்வளவுதான். என்னோடு பேசக்கூட வேண்டாம்.

வாலு

*

ஜூன் 15

வாலுவுக்கு,

கவரைக் கிழிக்காமல் கடிதத்தைப் படிக்க முடியாது. ஓரமாகத்தான் கிழித்தேன்.

சந்தோஷமா என்று கேட்டிருந்தாய். இல்லை. அன்றைக்கு நான் சொன்னது பலிக்கக் கூடாது என்று எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. அதை உனக்கு எழுதத் தோன்றவில்லை.

நான் இப்போது மைக்கில் இல்லை. தொலைந்த பொருள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன குடை, டிபன் கேரியர், எக்ஸ்ரே கவர், ஒற்றைச் செருப்பு எல்லாம் என் பொறுப்பு. உன் தொழில் சம்பந்தப்பட்ட சரக்குகூட ஒன்று இருக்கிறது, மேல் வரிசைப் பல் செட். அதைக் கழற்றி வைத்துத் தூங்கிவிட்டு மறந்து இறங்கிப் போன ஆள் எப்படிச் சாப்பிடுகிறாரோ தெரியவில்லை. கேட்டு யாரும் வரவில்லை.

ஞாயிறும் அறையைத் திறக்க வேண்டும். மாற்றுக்கு ஆள் இல்லை. அதனால் வர முடியாது. தப்பாக நினைக்காதே. போன் நம்பர் கேட்பாய், போன் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். எழுது, பதில் போடுகிறேன்.

விளக்கு விஷயம். அது பூச்சிக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு மட்டும் தனியாக ஒலி கேட்டதா? இருட்டுகிற நேரத்தில் ஒருவன் விளக்கு ஏற்றினால் யாருக்காகவோ ஏற்றுகிறான் என்றுதான் நினைத்தேன்.

பொடிசுக்கு என் ஆசி. ஸ்டூல் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூன் 20

அண்ணா,

ஆசியை நீயே வைத்துக்கொள். பத்து நிமிஷம் பேசினால் முடிகிற விஷயத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறாய். ஊரே உன் குரலுக்குப் பஸ் ஏறியது. அந்தக் குரலைக் குடைக்குக் காவல் வைக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? வர இஷ்டமில்லை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போ. பழசை மனசில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பழிவாங்காதே.

கடைசிப் பகுதியை நேற்று தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெரிய தவளை வருமே. தொப்பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதிக்குமே. நீ "அம்மா! அம்மா வந்துட்டா!" என்று கத்தினாய். நான் தலையணையை எல்லாம் தூக்கிப் போட்டு ஆடினேன். அது யார் தெரியுமா? குளத்தைப் பிடுங்கிக்கொள்ள வந்த முரடன். "இனிமே இது என் இடம், கிளம்பு" என்கிறான். தொப்பையன் குதிக்கவில்லை. பயந்து ஓடுகிறது.

சரி, ஒலி கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா பெட்டி கட்டும்போது நீ அந்த அறையில்தானே நின்றாய்? அப்பா சொல்லித்தான் எனக்கு அது தெரியும், அதுவும் நான் வயதுக்கு வந்து எத்தனையோ காலம் கழித்து. "திரும்பி வர மாட்டேன், தங்கச்சியப் பாத்துக்கோ" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். முதல் நாளே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தவளையைக் காட்டி என்னைக் காக்க வைத்தாய்.

அப்படியும் உன்னைத்தான் கூப்பிடுகிறேன். ஏன் என்று கேட்காதே. அந்தக் காலத்தை நான் தாண்டியது உன் குரலைப் பிடித்துக்கொண்டுதான். கோபமும் அதனால்தான்.

நீ வரவில்லை என்றால் வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பொடிசைக் கூட்டிக்கொண்டு நான் வருவேன். உன் அறை வாசலில் நின்று, "இங்க ஒரு அண்ணன் தொலைஞ்சு போயிட்டான், கிடைச்சானா?" என்று கேட்பேன். நாலு பேர் சிரிக்கட்டும்.

வாலு

*

ஜூன் 24

வாலு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நீ கிளம்புவதற்குள் கைக்கு வர வேண்டும் என்று.

பொடிசை அழைத்துக்கொண்டு வராதே. எனக்குக் குரல் இல்லை.

போன வருடம் தொண்டை கரகரத்தது. டீக்கடைக்காரர் வெந்நீர் குடிக்கச் சொன்னார், குடித்தேன். பிறகு பயணிகள் புகார் கொடுக்க ஆரம்பித்தார்கள், "அறிவிப்பு தவளை கத்துற மாதிரி இருக்கு" என்று. சிரித்தாலும் சிரி. நான்கூடச் சிரித்தேன், அப்போது எனக்குச் சிரிப்புச் சத்தம் வந்தது. பரிசோதனை, பயாப்ஸி, அது இது என்று போய்க் கடைசியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. மேலே ஒரு துணி கட்டிக்கொள்கிறேன். பேசாதவனுக்குப் போன் எதற்கு? மெசேஜ் அனுப்பலாமே என்பாய். அனுப்பினால் நீ அந்த நிமிஷமே கூப்பிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

அறிவிப்புக்கு இப்போது கம்ப்யூட்டர் குரல். எல்லா ஊரையும் ஒரே மாதிரி சொல்கிறது. என்னை வெளியே அனுப்பாமல் இந்த அறையைக் கொடுத்தது அவர்களுடைய நல்ல மனசு. பொருள் தேடி வருகிறவர்களுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். நான் எழுதுவதைப் பார்த்ததும் காதும் கேட்காது என்று நினைத்து, "நீல... கலர்... பை!" என்று கத்துகிறார்கள். நானும் அவர்களுக்காகக் காதில் கை வைத்துக்கொள்கிறேன்.

உனக்குச் சொல்லாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நீ பேச மாட்டேன் என்று போனாய். எனக்குப் பேச முடியாது என்று ஆனது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின.

பெட்டி கட்டும்போது நின்றேன். மடித்துக் கொடுத்ததே நான்தான். மறுநாள் காலையில் நீ பல் தேய்க்க மாட்டேன், அம்மா வந்து தேய்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பதினொரு வயது. அந்த வயதில் நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்.

ஒன்று செய்யலாம். எந்தப் பகுதி என்று மட்டும் எழுது. படம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வசனத்தை எழுதி அனுப்புகிறேன், ஒலியை நிறுத்திவிட்டு நீ வாசி. கொக்கு பேசும்போது மூக்கைப் பிடித்துக்கொள். தொப்பையன் பேசும்போது கன்னத்தை உப்பிக்கொள். டீச்சர் குரல் போய்விடும்.

முதல் மூன்று பகுதிக்கு எழுதியது இத்துடன் இருக்கிறது.

அண்ணன்

*

ஜூலை 9

அண்ணா,

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்பல் இரண்டையும் கோணலாக வைத்துவிட்டேன். முதலாளி, "யாருக்கும்மா இது, மோகினிப் பிசாசுக்கா?" என்றார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன கடிதத்தில் நான் எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்க முடியாது, அதில் நிறைய உண்மை. ஆனால் உன் குரல் போனதை ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வேண்டுமா? அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நீ அனுப்பியதை எல்லாம் வாசித்தாயிற்று. பிறகு வந்தவற்றையும். மூக்கைப் பிடித்தேன், கன்னத்தை உப்பினேன். பொடிசு முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் போல உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மடியில் ஏறினாள். "மாமாவே சொன்னா எப்படி இருக்கும்?" என்றாள். "இடி மாதிரி இருக்கும். சின்ன இடி, பயமா இருக்காது" என்றேன். அன்றிலிருந்து மாமா எப்போது வருவார் என்று பிடித்துக்கொண்டாள். லீவு கிடைத்ததும் வருவார் என்று சொன்னேன். பார், நானும் ஆரம்பித்துவிட்டேன்.

பொடிசின் அப்பாவுக்குப் போன் செய்தேன். பிறந்தநாளுக்காவது வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். "வந்துட்டு வந்துட்டுப் போனா அவளுக்குத்தான் கஷ்டம். ஒரேயடியா பழகட்டும். நீயே பக்குவமா சொல்லிடு" என்றார். பின்னால் யாரோ ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

கடைசிப் பகுதி மட்டும்தான் மிச்சம். உன் வசனத்தில் தொப்பையன் அம்மாவுக்கு விளக்கு ஏற்றுகிறது. இவள் அதைத் தானாகவே மாற்றிக்கொண்டாள். "கடைசில அப்பா தவளை வருமா?" என்று தினமும் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்து கேட்கிறாள். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெரிய தவளைக்கு என்ன எழுதப் போகிறாய்? பொய் எழுதாதே அண்ணா. நான் காத்திருந்த மாதிரி இவள் காத்திருக்கக் கூடாது. ஆனால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே ஏதாவது வழி சொல்லு.

நான் மட்டுமாவது உன்னைப் பார்க்க வரட்டுமா?

வாலு

*

ஜூலை 21

வாலு,

கடைசிப் பகுதிக்கு நாலைந்து தடவை எழுதிப் பார்த்தேன். அப்பா தவளை வருகிற மாதிரி எழுதினேன், உன் முகம் ஞாபகம் வந்தது. வராத மாதிரி எழுதினேன், அதை ஆறு வயதுக் குழந்தைக்கு வாசிக்கப்போகிறவள் நீ என்று ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன்.

வசனம் இல்லை. பெரிய தவளை வரும்போது ஒலியைத் திறந்துவிடு. அவள் காதாலேயே கேட்கட்டும். கேட்ட பிறகு அப்பா வர மாட்டார் என்று ஒரு வாக்கியத்தில் சொல். சுற்றி வளைக்காதே. எனக்கு அன்றைக்கு ஒலி இருந்திருந்தால் நானும் உனக்கு அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ, தெரியவில்லை.

இங்கே ஒரு விதி உண்டு. மூன்று மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் பொருளைக் கழித்துவிட வேண்டும். அந்தப் பல் செட்டை நேற்று கழித்தேன். கழிப்பதற்கு முன் கழுவித் துடைத்தேன்.

கழுத்தில் மறுபடியும் ஒரு கட்டி. டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "இனி வெட்டறதுக்கு இடம் இல்லைங்க" என்றார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், வலிக்கு மருந்து கொடுக்க. குணமாக்க என்று யாரும் சொல்லவில்லை. வார்டு முகவரி கீழே இருக்கிறது.

வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் பொடிசை விட்டுவிட்டு வா. அவளுக்கு நான் சின்ன இடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 1

அண்ணா,

நீ சொன்ன மாதிரியே செய்தேன்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைசிப் பகுதியைப் போட்டேன். ஸ்டூலை விட்டுவிட்டு மடிக்கு வந்தாள். தொப்பையன் விளக்கு ஏற்றியது. பெரிய தவளையின் நிழல் தண்ணீரில் விழுந்ததும் ஒலியைத் திறந்தேன். "இனிமே இது என் இடம், கிளம்பு!" அந்தக் கூட்டம் சிரித்தது. நான் சொன்னேன், "கண்ணு, அப்பா இனிமே நம்ம வீட்டுக்கு வர மாட்டாரு." ஒரே வாக்கியம். சொல்லி முடித்ததும் உடைந்து போனது அவள் இல்லை, நான். அவள் எதிரில் அழக் கூடாது என்று எத்தனை நாள் வைராக்கியம்! எல்லாம் போயிற்று, விக்கி விக்கி அழுதேன்.

அவள் என் கையிலிருந்த ரிமோட்டை மெதுவாக உருவிக்கொண்டாள். ஒலியை நிறுத்தினாள். படத்தைப் பின்னால் ஓட்டி விளக்கு ஏற்றுகிற இடத்துக்குக் கொண்டுபோனாள். பெரிய தவளை வந்ததும் கன்னத்தை உப்பிக்கொண்டு, முடிந்த அளவு கனத்த குரலில் சொன்னாள்: "டேய் தொப்பையா, அப்பா வந்துட்டேன்டா. விளக்கு நல்லா தெரிஞ்சுதுடா."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா வர மாட்டாருன்னு இப்பதானே சொன்னேன்?" என்றேன்.

"தெரியும்மா," என்றாள். "நீ அழறியேன்னுதான் அப்படிச் சொன்னேன். நல்லா இருந்துச்சா?"

நல்லா இருந்துச்சு என்றேன். வேறென்ன சொல்ல?

சொல்லும்போது அவள் டிவியைப் பார்க்கவே இல்லை அண்ணா. வார்த்தைக்கு வார்த்தை என் முகத்தைத்தான் பார்த்தாள், நான் நம்புகிறேனா என்று. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. நீயும் ஒருநாளும் டிவியைப் பார்த்ததில்லை. நான் படத்தைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு நீ சொன்னாய். அப்பாவுக்குப் படம் தெரிந்தால் போதும். உனக்கு யார் சொன்னார்கள்? துணியை மடித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் என்னைப் பல் தேய்க்க வைத்தவனுக்கு யார் ஒரு வார்த்தை சொன்னார்கள்? இத்தனை வருடத்தில் இதை நான் கேட்கவே இல்லை. என்னைக் காக்க வைத்தாய் என்று சண்டை போட்டேனே தவிர, நீ எதற்காவது காத்திருந்தாயா என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். பதில் சொல்ல உனக்குக் குரல் இல்லாதபோது கேட்கிறேன்.

பொடிசு இப்போதும் பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கைப் போடுகிறாள். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே போடுகிறாள், நான் அழக் கூடாதென்று. அவள் மனசு உடையக் கூடாதென்று நானும் அதை அணைப்பதில்லை. எங்கள் வீட்டு விளக்கின் கதை இப்போது இதுதான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், தனியாக. வேண்டாம் என்று நீ எழுதிப் போடுவதற்குள் நான் வந்து நிற்பேன். லேப் முதலாளியின் போனை இரவல் வாங்கியிருக்கிறேன், பெரிய திரை. ஒலியை நிறுத்திவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்து மொத்தக் கதையையும் நான் சொல்கிறேன். டீச்சர் குரல்தான், பொறுத்துக்கொள். கடைசியில் தண்ணீரில் நிழல் விழும். பெரிய தவளை வரும். அப்போது நான் என்ன கத்துவேன் என்று உனக்கே தெரியும்.

நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள் அண்ணா. எனக்காக.

வாலு